இதை பாலுவிடம் கொடுத்திருக்கலாம்

அம்மாவுக்கு இளையராஜாவின் குரல் பிடிக்காது. இதை எழுதக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது. எங்கள் ஊர் தேவாரம். அங்கிருந்து கோம்பை, உத்தமபாளையம் போகிற பஸ்ஸில் ஏறினால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் பண்ணைப்புரம் வந்துவிடும். வெளியூரில் யாராவது எந்த ஊர் என்று கேட்டால் தேவாரம் என்று சொல்வேன். அது எங்கே இருக்கிறது என்று அவர்கள் விழிப்பார்கள். "இளையராஜா ஊருக்குப் பக்கத்து ஊர்" என்று முடிப்பேன். இந்த ஒரு வரி செய்கிற வேலையை என் ரெஸ்யூமே செய்ததில்லை. அப்படிப்பட்ட ஊரில், பாதி ஆயுளை அவருடைய பாட்டைக் கேட்டே கழித்த அம்மா, அவரே பாடிய பாட்டு வந்தால் மட்டும் உதட்டைச் சுழிப்பாள். "நல்ல பாட்டுதேன். இதை பாலுகிட்ட குடுத்திருக்கலாம்."

கல்லூரி ஹாஸ்டலிலும் இதே தீர்ப்புதான். அங்கே அது இன்னும் கடுமையாக வந்தது. நான்காம் செமஸ்டரில் என் அறைத்தோழன் ஒருவன் பில்லி ஜோயலின் 'பியானோ மேன்' போட்டுக் காண்பித்தான். "பாத்தியாடா, அவனே எழுதி, அவனே மெட்டுப் போட்டு, அவனே வாசிச்சு, அவனே பாடுறான். நம்மூர்ல ஒருத்தன் சொல்லு." நான் இளையராஜா என்றேன். அவன் சிரித்துவிட்டு, "அவர் பாடுறது டிராக் மாதிரி இருக்கும்டா, ஒரிஜினல் எப்ப வரும்னு தோணும்" என்றான். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. எல்டன் ஜானுக்கே பெரும்பாலும் வரிகள் எழுதியது பெர்னி டாப்பின்தான் என்ற அற்பத் தகவல்கூட அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அதைச் சொல்லியாவது தப்பித்திருப்பேன்.

டிராக் மாதிரி இருக்கிறது என்று அவன் சொன்னது தப்பில்லை என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் அதைக் குறையாகச் சொன்னான், அதுதான் எனக்கு உடன்பாடில்லை.

நம் சினிமாப் பாட்டில் வேலை மூன்றாகப் பிரிந்திருக்கிறது. மெட்டு ஒருவர், வார்த்தை இன்னொருவர், குரல் மூன்றாமவர். நான்காவதாக, வாயசைக்கிற நடிகர். இந்தச் சங்கிலியின் தொடக்கத்தில் ஆர்மோனியத்துக்கு முன்னால் உட்கார்ந்து, அர்த்தமில்லாத சொற்களைப் போட்டு மெட்டைப் பாடிக் காட்டுகிறவர் இசையமைப்பாளர். எந்தப் பாட்டும் முதலில் அவர் குரலில்தான் பிறக்கிறது. பிறகு அந்தக் குரலைத் துடைத்துவிட்டு மேலே நல்ல குரல் ஒன்றை ஏற்றுகிறார்கள். எங்கள் தொழிலில் இதற்கு புரோட்டோடைப் என்று பெயர். சில சமயம் நேரமில்லாமல் அந்த புரோட்டோடைப்பே புரொடக்‌ஷனுக்குப் போய்விடும், பத்து வருடம் ஓடும், யாருக்கும் மாற்றத் தைரியம் வராது. 'ஜனனி' (தாய் மூகாம்பிகை, 1982) பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் கதையும் இதுதான். யேசுதாஸ் பாட வேண்டியது, அவர் வர முடியாமல் போக, பாடி வைத்திருந்த டிராக்கே நிலைத்துவிட்டது என்பார்கள். வாலி எழுதிய, கல்யாணி ராகத்தில் அமைந்த அந்தப் பாட்டை யேசுதாஸ் பாடியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எளிதாகக் கற்பனை செய்யலாம். கம்பீரமாக, நிறைவாக, குறையே இல்லாமல் இருந்திருக்கும். இப்போது இருக்கிற பாட்டில் மேல்ஸ்தாயிக்குப் போகும்போது குரல் கொஞ்சம் இறுகுகிறது. கோயிலில் பாடும் வித்வானாக இல்லாமல், கோயிலுக்கு வந்தவராக இருக்கிறார். எனக்கு அந்த இறுக்கம் வேண்டியிருக்கிறது.

ஆர்மோனியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பியானோவில் இரண்டு கைகளும் வாசிக்கும். இடது கை தாளத்தையும் கார்டையும் பார்த்துக்கொள்ளும், குரல் அதன்மேல் மிதக்கும். ஆர்மோனியத்தில் இடது கைக்குத் துருத்தியை அசைக்கிற வேலை. வாசிக்க மிஞ்சுவது ஒரு கை. அந்தக் கை குரல் போகிற வழியிலேயே கூடப் போகிறது. ஆர்மோனியம் வாசித்துப் பாடுகிறவர்களின் பாட்டில் மெட்டு தெளிவாக, எலும்பு எலும்பாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும். இளையராஜாவுக்கு மேற்கத்திய இசையும் தெரியும். 1968இல் சென்னைக்கு வந்த பிறகு தன்ராஜ் மாஸ்டரிடம் கற்றுக்கொண்டார், கருவியே இல்லாமல் நேராகத் தாளில் ஸ்கோர் எழுதுவார். 2025 மார்ச்சில் லண்டனில் ராயல் பில்ஹார்மானிக் குழு அவருடைய சிம்பொனியை வாசித்தது. ஆனால் அவர் தானே பாடிய பாட்டுகளில் பலவற்றிலும் அந்த ஸ்கோருக்கு அடியில் ஆர்மோனியப் பெட்டிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

அந்தப் பெட்டிக்காரர் எங்கிருந்து வந்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தல் வந்தது. மாநிலப் பிரிவினையில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போய் இரண்டு வருடம்கூட ஆகவில்லை. தோட்டங்களில் வேலை செய்தவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். அவர்களிடம் வாக்குக் கேட்டுப் போன பாட்டுகளில் பாவலருடையதும் உண்டு. ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான் பதினான்கு வயது ராசய்யா குழுவில் சேர்ந்தார். முதலில் பெண் குரலில் பாடினார். மகரக்கட்டு உடைந்து குரல் மாறியதும் கூட்டம் சிரித்தது, பிறகு ஆர்மோனியத்தின் பக்கம் போனேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். தன் குரலைக் கேட்டு ஒரு கூட்டம் சிரித்தது அந்த வயதில் எப்படி இருந்திருக்கும். பின்னாளில் ஆயிரக்கணக்கான பாட்டுகளை அடுத்தவர் குரலுக்குக் கொடுத்தவர் அவர். சிலவற்றை மட்டும் ஏன் தனக்கு வைத்துக்கொண்டார் என்ற கேள்வியை நான் இங்கிருந்துதான் கேட்கிறேன்.

அந்த மேடைகளின் ஒலி எப்படி இருந்திருக்கும் என்றும் யோசித்துப் பார்க்கிறேன். புளியமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர். எங்கள் ஊர்த் திருவிழாவில் அதைக் கேட்டு வளர்ந்தவன் நான். குழாய் ஸ்பீக்கரில் அடிக்குரலின் கனம் வராது, உச்சியில் உள்ள மினுக்கும் வராது. நடுப்பகுதிதான் தூரம் போகும். எஸ்.பி.பி.யின் குரலில் நாம் கொண்டாடுகிற பல விஷயங்கள், அந்த மூச்சு, சிரிப்பு, குழைவு எல்லாம் ஸ்டுடியோ மைக்குக்கு இரண்டு அங்குலத்தில் நடக்கிறவை. இளையராஜாவின் குரலில் அதெல்லாம் குறைவு. கொஞ்சம் மூக்கு, நிறைய நடுப்பகுதி, சொல் சொல்லாக உச்சரிப்பு. அரை கிலோமீட்டருக்கு அப்பால் நிற்பவனுக்கும் வார்த்தை புரிய வேண்டும் என்ற கவலை அதில் இருக்கிறது.

இந்த இடத்தில் என் வாதத்தைச் சொல்லிவிடுகிறேன். நாயகன் பாட வேண்டிய பாட்டை அவர் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுகிறார். நாயகனுக்குப் பக்கத்தில் நின்று யாரோ பாட வேண்டிய பாட்டைத்தான் பெரும்பாலும் தனக்கு எடுத்துக்கொள்கிறார். எனக்குப் பிடித்தவை எல்லாம் அந்த வகைதான். 'நாயகன்' (1987) படத்தின் 'தென்பாண்டி' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். புலமைப்பித்தன் எழுதியது. அடிபட்டு நிற்கிற பிள்ளையிடம் யார் அடித்தார்கள் என்று விசாரிக்கிற பாட்டு. இதைக் கமல்ஹாசனும் பாடியிருக்கிறார், இளையராஜாவும் பாடியிருக்கிறார். கமல் பாடியதில் வேலு நாயக்கர் இருக்கிறார், அதாவது ஒரு மனிதனின் துயரம். இளையராஜா பாடியதில் யார் பாடுகிறார் என்றே சொல்ல முடியாது. தெருவில் யாரோ, பெரியவர், திண்ணையில் உட்கார்ந்திருப்பவர். தன் துயரத்தைப் பாடவில்லை, பார்த்ததைக் கேட்கிறார். அந்த விலகல்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

அதே படத்தில் 'நிலா அது' இருக்கிறது. மெட்டும் வார்த்தையும் குரலும் ஒரே ஆளிடமிருந்து வந்த அபூர்வமான சினிமாப் பாட்டு. ஹாஸ்டல் நண்பன் கேட்டதற்கு நேரடிப் பதில். குயிலி ஆடுகிற, படகில் நடக்கிற குத்துப்பாட்டு என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். ஒரு நாள் வேலை இல்லாத சனிக்கிழமையில் அதை ஆடியோ எடிட்டரில் போட்டு, சுருதியை மாற்றாமல் வேகத்தை மட்டும் பாதியாகக் குறைத்துக் கேட்டேன். செய்து பாருங்கள். கொண்டாட்டம் மொத்தமும் உதிர்ந்து, தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் நடுவில் ஒன்று மிஞ்சுகிறது. திரும்ப முழு வேகத்தில் கேட்டபோது அந்த மற்றப் பாட்டு உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. இப்போதும் என்னால் அதைக் கேட்டு ஆட முடிவதில்லை. ஒரு நல்ல பாட்டை எனக்கு நானே கெடுத்துக்கொண்டேன் என்று மனைவி சொல்கிறாள்.

வார்த்தையும் அவருடையது என்பதால் மட்டும் பாட்டு உயர்ந்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 'இதயக் கோவில்' (1985) படத்தில் தொடங்கி அவர் எழுதிய வரிகளில் எதுகை மோனை தடையில்லாமல் வந்து விழுகிறது, அதுவே சிக்கலும். மெட்டு தெரிந்தவருக்குச் சொல் எங்கே உட்காரும் என்று நன்றாகத் தெரியும். ஆனால் சொல் அங்கே உட்காராமல் முரண்டு பிடிக்கிற இடத்தில்தான் கவிதை பிறக்கிறது, வாலியிடமும் புலமைப்பித்தனிடமும் அது நடந்தது. தொண்ணூறுகளில் ஊர்ப்பெருமையும் தாய்ப்பெருமையும் பாடிய பாட்டுகள் பலவற்றை நான் தாண்டிப் போய்விடுவேன். அதில் பாவலரின் மேடை இருக்கிறது, மேடைக்குக் கீழே கூட்டம் இல்லை. பாவலர் 1973இல் இறந்தார், 'அன்னக்கிளி' வந்தது 1976இல். கட்சிப் பாட்டின் அரசியல் எங்கே போயிற்று என்று விமர்சகர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வரிகளில் தேடினால் கிடைக்காது. கூட்டத்தைப் பார்த்துப் பேசுகிற அந்தக் குரலின் பழக்கத்தில் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது என்பேன். அது போதுமா என்றால், போதாது.

காதல் டூயட்களில் என் வாதம் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. 'அலைகள் ஓய்வதில்லை' (1981) படத்தில் புதுமுகம் கார்த்திக்குக்கு இந்தக் குரல். முகத்துக்கும் குரலுக்கும் பதினைந்து வயது வித்தியாசம் தெரிகிறது. ஜென்சி கூடப் பாடுவதால் தப்பிக்கிறது. எஸ். ஜானகியோடு பாடியவை வேறு. 'சங்கத்தில்' (ஆட்டோ ராஜா, 1982) பாட்டின் மெட்டு அதே வருடம் பாலு மகேந்திராவின் மலையாளப் படம் 'ஓளங்கள்' படத்தில் ஜானகியின் குரலில் மட்டும் வருகிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், தமிழில் இவர் என்ன செய்கிறார் என்று தெரியும். ஜானகி மெட்டை அலங்கரிக்கிறார், இவர் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பெட்டிக்காரர் பாடகிக்குச் செய்வதைத்தான் செய்கிறார்.

எனக்கு எல்லாவற்றிலும் மேலே இருப்பது 'தென்றல் வந்து' (அவதாரம், 1995). நாசர் முதலில் இயக்கிய படம், கூத்துக் கலைஞர்களைப் பற்றியது. ரேவதிக்குப் பார்வை இல்லாத பெண்ணின் வேடம். நிறம் என்றால் என்ன என்று பார்வையற்றவளுக்குச் சொல்ல வேண்டும், இதுதான் பாட்டின் வேலை. வாலி எழுதியிருக்கிறார். இந்த இடத்தில் எஸ்.பி.பி. பாடியிருந்தால் அவர் குரலே ஏழு நிறங்களையும் காட்டியிருக்கும், அதில் சந்தேகமில்லை. அப்போது அந்தப் பெண்ணுக்கு வேலை இருந்திருக்காது. இளையராஜாவின் குரல் நிறம் காட்டுவதில்லை. நாசர் நடிக்கிற அந்தக் கூத்துக்காரனைப் போலவே, தெரிந்ததை வைத்துக்கொண்டு சொல்ல முயல்கிறது. நிறத்தை அவள்தான் உள்ளே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். சுற்றி வரும் கோரஸ் அதற்கு இடம் விட்டு ஒதுங்கிப் போகிறது. 2010க்குப் பிறகு பெங்களூரில் தங்கியிருந்த அறையில் இந்தப் பாட்டை எத்தனை இரவு கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. நல்ல ஹெட்போன் வாங்கியதே இதற்காகத்தான்.

இதையெல்லாம் போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். இவ்வளவு விரிவாக இல்லை, சுருக்கமாக. குழாய் ஸ்பீக்கர், தேவிகுளம், மலையில் வேலை செய்கிறவர்களுக்காகப் பாடிய குரல் என்று. அம்மா ஏலத்தோட்ட வேலைக்குப் போனவள். அதனால் இந்த வாதம் அவளிடம் எடுபடும் என்று நம்பினேன்.

அவள் போன வேலை என்னவென்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். விடியாத நாலரைக்கு ஜீப் வந்து தெருமுனையில் ஹாரன் அடிக்கும். தூக்குவாளி, மழைக்குப் பிளாஸ்டிக் சாக்கு, அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை. போடி போய், போடிமெட்டு ஏறி, சாந்தன்பாறைப் பக்கமோ உடும்பன்சோலைப் பக்கமோ இறக்கிவிடுவார்கள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. அடித்தூரில், தரையோடு படர்கிற சரத்தில் காய்க்கும். நாள் முழுக்கக் குத்தவைத்தோ குனிந்தோ எடுக்க வேண்டும். ஈரம், அட்டைக்கடி. இருட்டிய பிறகு திரும்புவாள். பள்ளி லீவில் நானும் சில நாள் அந்த ஜீப்பில் போயிருக்கிறேன். பின்னால் பதினைந்து பேர் நெருக்கி உட்கார்ந்திருக்க, டிரைவர் கேசட் போடுவார். எல்லாம் இளையராஜா பாட்டுதான்.

அம்மா முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ஏண்டா, நாள் பூரா குத்தவச்சு முதுகு ஒடிஞ்சு வாரவளுக்கு எங்கள மாதிரியே ஒரு கொரலு எதுக்குடா? அதத்தேன் தோட்டத்துல பூரா கேக்குறமே. ஜீப்புல ஏறுனதும் பாலு பாடுனா, மலைய விட்டு எறங்குறாப்புல இருக்கும். உனக்கு ஏசி ரூம்புல உக்காந்து எங்க கொரல் கேக்கணும் போலருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. உழைக்கும் மக்களின் குரல் என்று நான் கட்டி வைத்திருந்த ஒன்றை உழைத்தவளே வேண்டாம் என்கிறாள். அழகு வேண்டும் என்கிறாள். கரடுமுரடான குரலில் உண்மையைத் தேடுவது, கரடுமுரடான வேலையிலிருந்து தப்பித்தவனுக்கு வருகிற ஆசைதானோ? இந்தச் சந்தேகம் இதை எழுதுகிற இப்போதும் தீரவில்லை. தேர்ந்த குரல்களை விட்டுவிட்டு மண்ணின் குரல் என்று எதையாவது நாம் பாராட்டும்போதெல்லாம் அம்மாவிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆனாலும் விடவில்லை. போனில் ஒவ்வொன்றாகப் போட்டேன். 'விடுதலை' (2023) படத்தின் 'காட்டுமல்லி'. எண்பதை நெருங்கிய வயதில் அவரே எழுதி, அனன்யா பட்டுடன் பாடியது. மலையில் போலீஸ் ஜீப் ஓட்டுகிற சூரிக்கு அந்த வயதான குரல் எப்படிப் பொருந்தியது என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். அம்மா, "வயசாயிருச்சுல்ல, பாவம்" என்றாள். 'தென்றல் வந்து' போட்டேன். "ஜானகியம்மா நல்லாப் பாடியிருக்கு."

பிறகு 'காட்டு வழி' வந்தது. 'மலையூர் மம்பட்டியான்' (1983) படத்துப் பாட்டு, காட்டு வழியே போகிற பெண்ணுக்குத் தைரியம் சொல்கிற பாட்டு. இந்தப் பாட்டை நான் நினைத்தே போடவில்லை, தானாக அடுத்து வந்தது. பாலுகிட்ட குடுத்திருக்கலாம் என்று சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. முடிகிற வரைக்கும் கேட்டாள்.

கல்யாணத்துக்கு முன்னால், ஜீப்புக்குக் காசில்லாத நாட்களில் அவர்கள் சாக்குலூத்து மெட்டு வழியாக நடந்துதான் மலையேறுவார்களாம். இன்றைக்கும் ரோடு போடச் சொல்லி ஊர் கேட்டுக்கொண்டிருக்கிற அதே பாதை. இருட்டோடு கிளம்ப வேண்டும். பெண்கள் ஏழெட்டுப் பேர். முன்னால் தெருக்காரப் பெரியவர் ஒருவர் அரிக்கேனோடு போவார். அவர் வழி நெடுகப் பாடிக்கொண்டே போவாராம்.

"நல்லாப் பாடுவாரா?" என்றேன்.

"நல்லாவா? அதெல்லாம் இல்ல. பன்னி கின்னி இருந்தா ஒதுங்கிப் போகும்ல. பின்னாடி வாரவளுக்கு ஆளு முன்னாடி போறாருன்னு தெரியணும். சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கணும், அம்புட்டுத்தேன்."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு போனை என் பக்கம் தள்ளினாள். "சரி, பாலு பாட்டு ஒண்ணு போடு."